காலணியில் மண், கையில் கேமரா

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறைக்கு ஆஸ்திரேலியா சென்று வந்தவர்களுக்கு அந்த வருகை அட்டை நினைவிருக்கும். உணவுப் பொருள் ஏதும் கொண்டு வருகிறீர்களா என்ற கேள்வியைப் பார்த்ததுமே, பெட்டிக்குள் இருக்கும் முறுக்கும் ஊறுகாயும் மிளகாய்த்தூளும் கண்முன் வந்து நிற்கும். எதை அறிவிப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று கணவனும் மனைவியும் விமானத்திலேயே வாதாடத் தொடங்கிவிடுவார்கள். அதே அட்டையில் மண்ணைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. மண், அல்லது மண் ஒட்டிய பொருள் ஏதும் இருக்கிறதா? இதைப் படித்துச் சிரிப்பவர்களே அதிகம். யாராவது மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறுவார்களா?

அந்தக் கேள்வி மூட்டையைப் பற்றியது அல்ல. காலில் இருக்கும் காலணியைப் பற்றியது.

இன்றைய உரையின் பொருள், ஆஸ்திரேலிய மண்ணுக்கே உரிய செடி கொடிகளையும் மரங்களையும் பூங்காக்களில் படம் பிடிப்பது. பூவைப் படம் எடுப்பதற்கும் காலணிக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இருக்கிறது. சில செடிகளுக்கு அது உயிர் போகும் தொடர்பு.

இலவங்க மரத்தில் தொடங்கிய கதை

1922-ஆம் ஆண்டு. மலாக்கா நீரிணைக்கு அப்பால் இருக்கும் சுமத்ரா தீவில், இலவங்கப்பட்டை மரங்கள் நோய் கண்டு செத்துக்கொண்டிருந்தன. அதற்குக் காரணமான நுண்ணுயிரை ஆராய்ந்து, அறிவியல் உலகுக்கு முதன்முதலில் விவரித்தார்கள். இலவங்க மரத்தில் கண்டதால் அதற்கு ‘ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி’ என்று பெயர் வைத்தார்கள். பார்வைக்குப் பூஞ்சணம் போல இருந்தாலும் அது பூஞ்சண இனம் அல்ல. ஈரத்தில் வாழும் வேறொரு வகை உயிர்.

அது தாக்குவது வேரை. ஈர மண்ணில் அதன் வித்துகள் நீந்திச் சென்று வேரைப் பற்றும். வேர் அழுகும். தண்ணீரை உறிஞ்ச வழியில்லாமல் மரம் நிற்கும் இடத்திலேயே காயும். வெளியே பார்ப்பவர்களுக்கு வெயிலில் வாடியது போலத் தோன்றும். காலடியில் ஈரம் இருந்தும் தாகத்தால் சாகிற மரம் அது.

ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதி, காட்டுப் பூக்களுக்கு உலகப் புகழ் பெற்றது. அங்கே இந்த நோயை ‘டைபேக்’ என்று அழைக்கிறார்கள். அப்பகுதிக்கே உரிய தாவர இனங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இதற்கு இரையாகக் கூடியவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஜாரா என்னும் பெருமரம் சாகிறது. பேங்க்சியா சாகிறது. பேங்க்சியா போனால் தேனையும் மகரந்தத்தையும் மட்டுமே உண்டு வாழும் ‘தேன் போசம்’ என்ற சின்னஞ்சிறு விலங்கும் பட்டினி கிடக்கும். சுமார் 10 கிராம் எடையே உள்ள உயிர் அது.

இந்த நோய் தானாக நெடுந்தூரம் போகாது. சரிவில் தண்ணீர் ஓடும் வழியே இறங்கும். பக்கத்து வேருக்குத் தொற்றும். மேடேறுவதற்கும் மலை தாண்டுவதற்கும் அதற்கு வாகனம் வேண்டும். கார் சக்கரமும் மண் வெட்டும் இயந்திரமும் மனிதனின் காலணியும்தான் அந்த வாகனங்கள். ஒருமுறை ஓர் இடத்து மண்ணில் புகுந்துவிட்டால், காட்டில் அதை முழுதாக ஒழிக்க வழி இல்லை. பாஸ்பைட் என்ற மருந்தைத் தெளித்து வேகத்தைத் தணிக்கலாம், அவ்வளவுதான்.

நல்ல படம் ஒன்று கிடைக்கட்டும் என்று பாதையை விட்டு நான்கு எட்டு உள்ளே வைப்பவர், அந்தப் பூவின் கடைசிப் படத்தை எடுப்பவராக ஆகிவிடக்கூடும். அவர் கெட்டவர் அல்ல. பூவின் மேல் ஆசை உள்ளவர். ஆசை உள்ளவரின் கால்தான் உள்ளே போகிறது.

பூங்கா இருக்கிறதே

அப்படியானால் ஆஸ்திரேலியாவின் பூக்களைப் பார்க்கவும் படம் எடுக்கவும் வழியே இல்லையா? இருக்கிறது. அந்நாட்டின் பெரிய நகரங்களை ஒட்டியே, மண்ணின் செடிகளுக்கென்று தனிப் பூங்காக்கள் இருக்கின்றன. கீழே சொல்லப்படும் நான்கிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. விடுமுறைக்குப் போகும் குடும்பம் கடைத்தெருவுக்கும் கங்காருப் பண்ணைக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரை நாளை இதற்கு ஒதுக்கினால் போதும்.

முதலாவது, தலைநகர் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியத் தாவரவியல் பூங்கா. பிளாக் மவுண்டன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1949-இல் அன்றைய பிரதமர் பென் சிஃப்லி முதல் மரங்களில் ஒன்றை நட்டார். 1970-இல் பூங்கா அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே நடப்பட்டிருப்பவை ஆஸ்திரேலியத் தாவரங்கள் மட்டுமே. கான்பராவின் வானிலை வறண்டது, குளிரில் உறைபனியும் விழும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகை போல நீரைத் தெளித்து மழைக்காடு வளர்த்திருக்கிறார்கள். சிறிது தூரம் நடந்தால் 2013-இல் திறக்கப்பட்ட பாலைவனப் பகுதி, சிவப்பு மணலோடு விரிகிறது. மழைக்காட்டிலிருந்து பாலைவனத்துக்கு ஒரே காலைப்பொழுதில் நடந்து போக முடிகிற இடம் அது.

இரண்டாவது, பெர்த் நகரின் கிங்ஸ் பார்க். ஸ்வான் ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் அமைந்த பூங்கா. சுமார் 400 ஹெக்டர் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் இயற்கைக் காடு. அதனுள் 1965-இல் திறக்கப்பட்ட மேற்கு ஆஸ்திரேலியத் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அங்கே நிற்கும் ஒரு போவாப் மரத்தின் கதை தனிக்கதை. வடக்கே கிம்பர்லி வட்டாரத்தில் நெடுஞ்சாலைப் பாலம் கட்டும் வேலைக்கு இடையூறாக நின்ற மரம் அது. வெட்டிச் சாய்க்காமல், 2008-இல் லாரியில் ஏற்றி 3,200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு வந்து நட்டார்கள். அதன் எடை 36 டன். அந்த மண்ணுக்குரிய கிஜா பழங்குடியினர் தங்கள் சடங்கு செய்து அதை வழியனுப்பி வைத்தார்கள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல ஒரு மரத்தை அனுப்பியிருக்கிறார்கள்!

மூன்றாவது, மெல்பர்ன் நகருக்குத் தென்கிழக்கே கிரான்பர்ன் என்ற இடத்தில் உள்ள ‘ஆஸ்திரேலியத் தோட்டம்’. மணல் தோண்டி எடுத்துக் கைவிடப்பட்ட பள்ளத்தில் உருவானது. 2006-இல் ஒரு பகுதியும் 2012-இல் மறுபகுதியும் திறக்கப்பட்டன. நுழைந்ததும் கண்ணில் படுவது பெரிய செம்மணல் வெளி. செடிகளை மட்டுமின்றி நிலத்தின் நிறத்தையும் சேர்த்துப் படம் எடுக்க விரும்புவோருக்கு அதைவிட வசதியான இடம் அரிது.

நான்காவது, சிட்னிக்குத் தென்மேற்கே மவுண்ட் அன்னான். 1988-இல் திறக்கப்பட்டது. 416 ஹெக்டர். வசந்த காலத்தில் காகிதப் பூப் போன்ற டெய்சி மலர்கள் அங்கே நிலம் தெரியாமல் பூத்திருக்கும்.

எப்போது போவது? ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை அங்கே பூக்களுக்குச் சிறந்த காலம். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் செப்டம்பர் விடுமுறை வாரம் இதற்குள் அடங்குகிறது. செப்டம்பர் முதல் தேதி அங்கே வாட்டில் மலர் நாள். அந்நாட்டின் தேசிய மலரான பொன்னிற வாட்டில் அந்தச் சமயத்தில் மரம் முழுவதும் மஞ்சள் பொரி பொரித்தது போல இருக்கும். ஜூன் விடுமுறையில் போகிறவர்களும் ஏமாற வேண்டியதில்லை. அது குளிர்காலம் என்றாலும் பேங்க்சியா வகைகளில் பல அப்போதுதான் பூக்கின்றன.

கூண்டுக்குள் ஒரு மரம்

பூங்காவில் நிற்கும் செடியைப் படம் எடுப்பதில் என்ன பெருமை, காட்டில் கண்டுபிடித்து எடுப்பதுதானே சாதனை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வாலமை பைன் மரத்தின் கதை பதில் சொல்லும்.

1994-ஆம் ஆண்டு, சிட்னிக்கு வடமேற்கே வாலமை தேசியப் பூங்காவில், டேவிட் நோபிள் என்ற பூங்கா அதிகாரி ஓர் ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கினார். அங்கே அவர் கண்ட மரம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத மரம். அதைப் போன்ற மரங்களை டைனசோர் காலத்துப் புதைபடிவங்களில்தான் அறிவியலாளர்கள் பார்த்திருந்தார்கள். காட்டில் முழுதாக வளர்ந்து நிற்பவை நூறுகூட இல்லை. அந்த இடம் எங்கே என்பதை அன்று முதல் இரகசியமாகக் காத்து வருகிறார்கள்.

ஆனால் இரகசியம் காலணியிடம் தோற்றது. 2005-இல் அந்தப் பள்ளத்தாக்கு மண்ணிலேயே ஃபைட்டோஃப்தோரா கண்டுபிடிக்கப்பட்டது. 2020 தொடக்கத்தில் பெரும் காட்டுத் தீ அந்த வட்டாரத்தைச் சூழ்ந்தபோது, தீயணைப்பு வீரர்களை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கி, நீர்ப்பாசனக் குழாய் அமைத்து மரங்களைக் காப்பாற்றினார்கள். தீயை அப்படி விரட்ட முடிந்தது. காலணியில் வரும் கிருமியை ஹெலிகாப்டரால் விரட்ட முடியாது. அதனால் 2021-இல் அந்த இடத்துக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு கொடுத்தார்கள். மரங்களுக்குச் சேதம் விளைவிப்பவருக்கு 330,000 ஆஸ்திரேலிய வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

அதே மரத்தைச் சிட்னி ராயல் தாவரவியல் பூங்காவில் 1998-இல் நட்டார்கள். திருடு போகாமலிருக்க இரும்புக் கூண்டுக்குள் நட்டார்கள்! 2006 முதல் கன்றுகளைப் பொதுமக்களுக்கே விற்றார்கள். இப்போது மவுண்ட் அன்னானிலும் கான்பராவிலும் அந்த மரம் நிற்கிறது. பள்ளி மாணவனும் பாட்டியும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். இதில் பெருமை இல்லையா? எல்லாரும் பார்க்க ஒரு மரம் பூங்காவில் நிற்பதால்தான், யாரும் பார்க்காத மரம் காட்டில் பிழைத்திருக்கிறது.

முதலில் பெயர், பிறகு பூ

பூங்காவில் எடுக்கும் படத்துக்கு இன்னொரு மேன்மையும் உண்டு. செடிக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. விடுமுறை முடிந்து வீடு திரும்பியவர்களின் கைத்தொலைபேசியில் நூறு பூக்கள் இருக்கும். ‘இது என்ன பூ?’ என்று பேரப்பிள்ளை கேட்டால், ‘ஆஸ்திரேலியாப் பூ’ என்பதுதான் பதிலாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மண்ணின் தாவர இனங்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத படம், முகவரி எழுதாத கடிதம்.

ஆகவே ஒவ்வொரு செடிக்கும் முதல் படம் பெயர்ப் பலகையாக இருக்கட்டும். அடுத்து முழுச் செடி, பிறகு இலை, பிறகு பூ, கடைசியில் காய். இந்த ஐந்தும் இருந்தால் அது பதிவு ஆகும்.

யூகலிப்டஸ் மரத்துக்கு இது மிகவும் அவசியம். தைல மரம் என்று தமிழர்கள் ஒரே பெயரில் அழைத்தாலும், அதில் எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள். பூவை மட்டும் எடுத்தால் நிபுணருக்கும் குழப்பம் வரும். பட்டை, மொட்டு, காய் மூன்றும் வேண்டும். யூகலிப்டஸ் என்ற சொல்லுக்கே ‘நன்கு மூடப்பட்டது’ என்று பொருள். மொட்டுக்கு மேல் ஒரு சிறு தொப்பி இருக்கும். பூக்கும்போது அந்தத் தொப்பி கழன்று விழ, உள்ளிருந்து மகரந்த இழைகள் குஞ்சம் போல விரியும். தொப்பியோடு ஒன்று, தொப்பி விழுந்த பிறகு ஒன்று என எடுத்து வைத்தால், பெயரின் பொருள் படத்திலேயே விளங்கும்.

வாராட்டா மலரைப் பார்ப்பவர்கள் அதன் சிவப்பில் மயங்கிவிடுவார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மலர் அது. ஆனால் அந்தச் சிவப்பு கேமராவை ஏமாற்றும். நண்பகல் வெயிலில் எடுத்தால் இதழ்களின் நெளிவு தெரியாமல் சிவப்புக் கட்டியாக வரும். மேகம் மூடிய நேரத்தில், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுக்க வேண்டும். கங்காருவின் பாதம் போலவே இருக்கும் ‘கங்காரு பா’ மலருக்கு நேர்மாறான வழி. அதன் தண்டிலும் மொட்டிலும் பட்டுப் போன்ற மயிர் உண்டு. காலையிலோ மாலையிலோ சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால், அந்த மயிர் ஒளி பிடித்து மின்னும். பேங்க்சியா ஒரு பூ போலத் தோன்றினாலும், நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அடுக்கிய கதிர் அது. கிட்டப் போய் எடுத்தால்தான் இது தெரியும். கிட்டப் போவது கேமராவின் லென்ஸ்தான், கால் அல்ல. பாதையில் நின்றபடியே கையை நீட்டினால் போதும் என்ற அளவில்தான் பல செடிகளை நட்டிருக்கிறார்கள்.

பேங்க்சியா என்ற பெயர் வந்த வழியையும் இங்கே சொல்ல வேண்டும். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்து செடிகளைச் சேகரித்த ஜோசப் பேங்க்ஸின் பெயர் அது. அன்று கேமரா கிடையாது. சிட்னி பார்க்கின்சன் என்ற இளம் ஓவியர் அந்தச் செடிகளை வரைந்தார். பறித்த செடி வாடும், நிறம் மங்கும். எல்லாவற்றையும் முழுதாகத் தீட்ட நேரமில்லை. அதனால் கோட்டோவியம் வரைந்து, ஓர் இலைக்கும் ஓர் இதழுக்கும் மட்டும் வண்ணம் பூசி, மற்ற நிறங்களைக் குறிப்பாக எழுதி வைத்தார். கப்பல் பழுது பார்க்க இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவில் நின்றபோது நோய் பரவியது. 1771 ஜனவரியில், ஊர் திரும்பாமலே பார்க்கின்சன் கடலில் உயிர் துறந்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு வேறு ஓவியர்கள் படங்களை நிறைவு செய்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1980-களில்தான் அவை முழு வண்ணத் தொகுப்பாக அச்சேறத் தொடங்கின.

குறிப்பு எழுதிய படம் எடுத்தவருக்குப் பிறகும் வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காட்டுக்குப் போகிறவர்களுக்கு

பூங்காவே போதும் என்று எல்லாரும் இருந்துவிட மாட்டார்கள். காட்டில் செடி நிற்கும் விதமே வேறு. எந்தப் பாறை இடுக்கில், எந்த மரத்தின் நிழலில் வளர்கிறது என்பதைத் தோட்டம் காட்டாது. இது நியாயமான வாதம். மேலும், பூங்காவில் எடுத்த படத்தை வைத்து ‘இந்தச் செடி இங்கே இயற்கையாக வளர்கிறது’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. இணையத்தில் பதிவேற்றினால், நட்டு வளர்த்த செடி என்று குறிப்பிடுவதே முறை.

காட்டுக்குப் போவோர் போகலாம். பல நடைபாதைகளின் தொடக்கத்தில் தேய்க்கும் பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருப்பார்கள். காலணி துடைக்கும் இடம் அது. குடும்பத்தோடு வரும்போது அதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போக மனம் வரும். அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். முதலில் மண்ணைத் தேய்த்து அகற்ற வேண்டும், பிறகு மருந்தில் நனைக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் மருந்து உள்ளே இறங்காது. உள்ளே போகும்போதும் துடைக்க வேண்டும், வெளியே வரும்போதும் துடைக்க வேண்டும். மூடப்பட்ட பாதை என்றால் அது மூடப்பட்ட பாதைதான். அரிய செடியைக் கண்டால், படத்தோடு சேர்ந்து போகும் இடக்குறிப்பை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

கோவிலுக்குள் நுழையும்போது காலைக் கழுவுவது தமிழர்களுக்குப் புதிதா என்ன?

வீட்டு வாசலில் இருக்கும் மரம்

நிறைவாக ஒன்று. சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்தது கெலாம் மரம். காகிதம் போல உரியும் வெள்ளைப் பட்டை கொண்டது. அதன் இலையிலிருந்து எடுப்பதுதான், பிள்ளைக்குச் சளி பிடித்தால் மார்பில் தடவும் காயுபுத்தே எண்ணெய். அந்த மரம் இந்த வட்டாரத்திலும் வளர்கிறது, ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலும் வளர்கிறது. சபாவில் தோட்டம் தோட்டமாக வளரும் அகேசியா மஞ்ஜியம் மரம் 1966-இல் குவீன்ஸ்லந்திலிருந்து வந்தது. சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்துக் குளிர்க் கூடத்திலும் ஆஸ்திரேலியச் செடிகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

ஆகவே பயணச் சீட்டு வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பூமலைக்கோ பினாங்கில் தண்ணீர்மலைக்கோ பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், பெயர்ப் பலகை முதலில், பூ பிறகு என்று பழக்கலாம். பழகிய பிள்ளை பெர்த்தில் இறங்கும்போது, அட்டையில் உள்ள மண் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காது. குனிந்து தன் காலணியைப் பார்க்கும்.